பாயிலிருந்து பந்தயத் திடலுக்கு

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கடும் நோயிற் கிடந்து எழுந்த ஒருவர், தாம் சிறுவயது முதல் நெஞ்சிற் பேணிய விளையாட்டு ஆசையை மீண்டும் நாடலாமா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். சமய நெறியும் தமிழும் பேசப்படும் இம்மேடையிலே ஓட்டத்தையும் நீச்சலையும் பற்றிப் பேசுவானேன் என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். சுவரை வைத்தன்றோ சித்திரம் வரைய வேண்டும்? இடிந்து விழுந்த சுவரை மீண்டும் எழுப்புவது எங்ஙனம் என்று அறிவதும் சித்திரக்காரனுக்கு வேண்டிய கல்வியேயாகும்.

நமது ஊர்களிலே நோயினின்று எழுந்த பிள்ளையைச் சுற்றி இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று, வீட்டுக்குள்ளிருந்து வருவது: “கிடந்தெழும்பின உடம்பு; இனி ஓடி ஆடப்படாது; பேசாமல் இருந்து படி.” மற்றது, வெளியிலிருந்து வருவது: “மனம் வைத்தால் முடியாதது ஒன்றுமில்லை, மனத்தை உறுதிப்படுத்து, நோய் பறந்துவிடும்.” முன்னது அன்பிற் பிறந்தது, பின்னது உற்சாகத்திற் பிறந்தது. இரண்டையும் நாம் மதிக்கின்றோம். ஆயினும் இரண்டும் முழு உண்மையல்ல என்பதே எமது துணிபு. அதனை எமது கற்பனையாற் கூறாமல், உலகறிந்த சிலரின் வாழ்க்கையை வைத்தே கூற முயல்வோம்.

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது, வைத்தியம் என்பது நான்கு கூறுகளை உடையது என்கிறார். நோயுற்றவர் ஒன்று, நோயைத் தீர்க்கும் வைத்தியர் ஒன்று, மருந்து ஒன்று, அருகிருந்து பணி செய்வோர் ஒன்று. நோயாளியின் மனவுறுதி மாத்திரம் போதும் என்று அவர் சொல்லவில்லை. மருந்து மாத்திரம் போதும் என்றும் சொல்லவில்லை. நான்கும் கூடினாலே காரியம் நடக்கும். இந்த நாற்கூற்றுக் கணக்கையே உரைகல்லாகக் கொண்டு நாம் மேலே செல்வோம்.

முதலில், அருகிருந்து பணி செய்தோரின் பெருமையை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவிலே ரெனசி மாநிலத்தில் 1940ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23ஆம் திகதி ஒரு பெண் குழந்தை குறைமாதத்திற் பிறந்தது. பிறக்கும்போது அதன் நிறை நாலரை இறாத்தல். தந்தையின் இரு மணங்களிலும் பிறந்த இருபத்திரண்டு பிள்ளைகளில் அது இருபதாவது. தந்தை புகையிரதச் சுமையாள். தாய் பிறர் வீட்டில் வேலை செய்பவர். அக்குழந்தையின் பெயர் வில்மா றுடோல்ப். நியுமோனியா, ஸ்கார்லெட் காய்ச்சல், இளம்பிள்ளைவாதம் என்று ஒன்றன்பின் ஒன்றாக நோய்கள் வந்தன. இடக்கால் சோர்ந்துபோயிற்று. அக்காலுக்கு இரும்புக் கவசம் பூட்டப்பட்டது.

இளம்பிள்ளைவாதம் என்பது என்னவென்று இளையோர் பலர் இன்று கண்டறியார். இலங்கையிலே 1993ஆம் ஆண்டுக்குப் பின் அந்நோய் எவரிடத்தும் காணப்படவில்லை. 2014ஆம் ஆண்டிலே தென்கிழக்காசியப் பிரதேசம் முழுவதும் அதனின்று விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் அத்தாட்சி அளித்தது. அது வாய்வழியாக உடலிற் புகும் கிருமியால் வருவது. கிருமி புகுந்த பலருக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஏறக்குறைய இருநூறு பேரில் ஒருவருக்கு அது முள்ளந்தண்டிலுள்ள நரம்புக் கலங்களைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. இறந்த நரம்புக் கலம் மீண்டும் பிறப்பதில்லை. எஞ்சியிருக்கும் தசைக்கும் நரம்புக்கும் இடைவிடாது வேலை கொடுத்து, அவற்றைக்கொண்டே இயன்ற அளவு காரியத்தை நடத்த வேண்டும். ஆகவே, அந்நோய்க்கு ஒருநாள் மருந்து இல்லை; பல ஆண்டுப் பணிவிடையே மருந்து.

வில்மாவின் ஊராகிய கிளாக்ஸ்வில்லிலே கறுப்பின மக்களுக்குக் கிடைத்த வைத்திய வசதி மிகக் குறைவு. ஏறக்குறைய ஐம்பது மைல் தொலைவிலுள்ள நாஷ்வில் நகரத்து மெஹறி வைத்தியக் கல்லூரியிலேதான் அவர்களுக்குச் சிகிச்சை கிடைத்தது. கிழமைக்கு ஒரு முறை, இரண்டு ஆண்டுகளாக, அத்தாய் மகளைப் பஸ்ஸில் அழைத்துச் சென்றார். பஸ்ஸிலே கறுப்பினத்தவர் பின்னிருக்கைகளில்தான் அமரலாம் என்னும் கொடிய வழக்கம் இருந்த காலம் அது. ஆஸ்பத்திரியிலே கற்றுக்கொண்ட முறைப்படி வீட்டில் நாளுக்கு நான்கு முறை அக்காலைப் பிடித்துத் தேய்த்தார்கள். தாய் களைத்தபோது சகோதரர் தேய்த்தனர். அன்பர்களே, கணக்கிட்டுப் பாருங்கள். நாளுக்கு நான்கு என்றால் ஆண்டுக்கு ஆயிரத்து நானூற்று அறுபது முறை. இவற்றுள் ஒன்றுக்காவது எவரும் கைதட்டியிருக்க மாட்டார்.

பன்னிரண்டு வயதாகும்போது வில்மா இரும்பின்றி நடந்தார். பின் கூடைப்பந்தாட்டம் ஆடினார். ரெனசி அரச பல்கலைக்கழகத்துப் பயிற்சியாளர் எட் ரெம்பிள் அவர் ஓட்டத்தைக் கண்டு பயிற்சிக்கு அழைத்தார். 1956ஆம் ஆண்டு மெல்போர்ண் ஒலிம்பிக் விழாவுக்குச் சென்றபோது வில்மாவுக்கு வயது பதினாறு. 200 மீற்றர் ஓட்டத்தில் தகுதிகாண் சுற்றிலேயே வெளியேறினார். அஞ்சலோட்டத்தில் வெண்கலப் பதக்கம் பெற்றார். அந்த விழாவிலே எமது யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்களும் உயரம் பாய்ந்தார் என்பதை இங்கு நினைவுகூருவது எமக்கு மகிழ்ச்சி.

நான்கு ஆண்டுகள் சென்றன. 1960இல் றோமாபுரியிலே வில்மா 100 மீற்றரில் முதல்வர், 200 மீற்றரில் முதல்வர், நான்கு பேர் ஓடும் 400 மீற்றர் அஞ்சலோட்டத்திலும் முதல்வர். ஒரே ஒலிம்பிக் விழாவின் ஓட்டப் போட்டிகளில் மூன்று தங்கப் பதக்கம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவரே. 100 மீற்றரை 11.0 செக்கனில் ஓடினார். காற்று அளவுக்கு மிஞ்சி உதவியதால் அது உலக சாதனையாகப் பதியப்படவில்லை. ஊர் திரும்பியபோது வெள்ளையருக்கு ஒரு வரவேற்பு, கறுப்பினத்தவருக்கு ஒரு வரவேற்பு என்று பிரிப்பதற்கு அவர் இசையவில்லை. கிளாக்ஸ்வில் மக்கள் இனபேதமின்றி ஒன்றாகக் கூடிய முதல் ஊர்விழா அவருடைய வரவேற்பாக அமைந்தது. தேய்த்துவிட்ட கைகள் ஒரு காலை மாத்திரம் நிமிர்த்தவில்லை. ஓர் ஊரையே சிறிது நிமிர்த்திவிட்டன.

இரண்டாவதாக, வைத்தியரையும் மருந்தையும் எடுத்துக்கொள்வோம்.

ஒல்லாந்து தேசத்திலே மார்ட்டன் வன் டெர் வைடன் என்னும் இளைஞர் நீண்டதூர நீச்சலில் நம்பிக்கை தந்த வீரராய் விளங்கினார். 2001ஆம் ஆண்டிலே, எமது வயதையொத்த வயதில், அவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. எலும்பு மச்சையிலே வெண்கலங்கள் ஒழுங்கின்றிப் பெருகி, நல்ல இரத்தம் உண்டாவதைத் தடுக்கும் நோய் அது. கடும் மருந்துகள் ஏற்றப்பட்டன. பின்பு இரத்தத்தை உண்டாக்கும் மூலக் கலங்கள் அவர் உடலில் மாற்றிவைக்கப்பட்டன. அவர் பிழைத்தார். 2003இல் மீண்டும் போட்டிக்குத் திரும்பினார். 2008இல் 25 கிலோமீற்றர் நீச்சலில் உலக வீரரானார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் பீக்கிங் ஒலிம்பிக் விழாவிலே முதன்முறையாக 10 கிலோமீற்றர் திறந்த நீர்நிலை நீச்சற் போட்டி நடைபெற்றது. பிரித்தானியர் டேவிட் டேவிஸ் நெடுநேரம் முன்னணியிலே சென்றார். வைடன் பின்னாலே பொறுமையுடன் நீந்தி, கடைசி மீற்றர்களில் முந்தினார். ஏறக்குறைய ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம் நீந்திய பின், இருவருக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒன்றரைச் செக்கன்.

இத்துணைப் பெரிய வெற்றி பெற்றவர், “எமது மனவுறுதியால் நோயை வென்றோம்” என்று மார்தட்டியிருந்தால் உலகம் நம்பியிருக்கும். அவர் அப்படிச் சொல்லவில்லை. திடமான எண்ணமும் கடும் போராட்டமும் இருந்தாற் பிழைக்கலாம் என்று பேசுவது அபாயமானது என்றே அவர் பகிரங்கமாகக் கூறினார். அப்படிப் பேசினால், பிழைக்காதவர் போதிய அளவு போராடவில்லை என்று ஆகிவிடுமன்றோ? தாம் செய்ததெல்லாம் படுக்கையிற் கிடந்து வைத்தியரிடம் தம்மை ஒப்படைத்ததே என்பது அவருடைய கருத்து.

இவ்விடத்திலே சிறிது தங்கிச் செல்ல விரும்புகின்றோம். இச்சபையிலே தமது வீட்டில் ஒருவரைக் கொடிய நோய்க்குப் பறிகொடுத்தவர் இருக்கக்கூடும். ஒரு தாயோ, தமையனோ, தங்கையோ, மருந்தும் உண்டு, விரதமும் இருந்து, நம்பிக்கையும் கொண்டு, ஈற்றிலே மறைந்திருக்கலாம். அவர்களிடம் மனவுறுதி குறைவாயிருந்தது என்று எவர் சொல்லத் துணிவார்? பிழைத்தவரைப் புகழும் அவசரத்திலே, பிழையாதவர்மேற் பழி சுமத்தும் பேச்சு நம் வாயில் வந்துவிடுகிறது. வாலிபர்களாகிய நாம் அப்பேச்சை விட்டுவிட வேண்டும். நோயைத் தீர்ப்பது வைத்தியமும் மருந்தும் பணிவிடையும். அவற்றுக்கு அப்பால் உள்ளதை அறிந்தவர் எவருமில்லை. மனவுறுதிக்கு உரிய இடம் வேறு. நோய் நீங்கியபின் வரும் நெடிய, சலிப்பான நாட்களிலேதான் அதற்கு வேலை உண்டு.

வைடன் அத்துடன் நின்றாரல்லர். தம் நாட்டிலே பதினொரு நகரங்களைத் தொட்டுச் செல்லும், ஏறக்குறைய 200 கிலோமீற்றர் நீர்வழியை நீந்திக் கடந்து, புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட முனைந்தார். 2018இல் 163 கிலோமீற்றர் நீந்தியபின், உடல்நிலை இடந்தராமையால் நிறுத்த வேண்டியதாயிற்று. வைத்தியர் சொற்கேட்டு நிறுத்தினார், அதனாற் சிறுமையடையவில்லை. 2019இல் மீண்டும் இறங்கி வழியை நீந்தி முடித்தார்.

மூன்றாவதாக, நோயாளியின் பங்கைக் காண்போம். இதற்கு டென்மார்க் தேசத்து லிஸ் ஹார்ட்டெல் அம்மையாரைக் காட்டிலும் சிறந்த உதாரணம் எமக்குத் தெரியாது.

அம்மையார் சிறுவயது முதல் குதிரையேற்றத்தில் விருப்புடையவர். 1944ஆம் ஆண்டிலே, இருபத்து மூன்று வயதில், கருவுற்றிருந்த நிலையில், இளம்பிள்ளைவாதம் அவரைத் தாக்கிற்று. குழந்தை நலமாகப் பிறந்தது. தாயோ கைகளை உயர்த்தப் பழகி, தவழப் பழகி, ஊன்றுகோலுடன் நடக்கப் பழகினார். முழங்காலுக்குக் கீழே இயக்கம் ஆயுள்முழுவதும் திரும்பவேயில்லை. இதனை நன்கு கவனியுங்கள். வில்மாவுக்குக் கால் மீண்டது. வைடனுக்கு இரத்தம் சுத்தமாயிற்று. இவருக்கோ நோய் விட்ட ஊனம் அப்படியே நின்றது.

ஆயினும் குதிரையேற வேண்டும் என்றார். பிறர் தூக்கி ஏற்றிவிட, குதிரைமேல் நிலைகொள்ளப் பழகினார். குதிரையைக் காலால் உந்தியன்றோ நடத்துவார்கள்? காலிலே வலியில்லாதவர் என்செய்வார்? உடலின் பாரத்தை மெல்லச் சாய்த்தும் முதுகை நிமிர்த்தியும் தம் எண்ணத்தைக் குதிரைக்கு உணர்த்தக் கற்றார். ஜூபிலி என்னும் அவருடைய குதிரை அக்குறிப்பை அறியப் பழகிற்று. 1947இல் ஸ்கந்திநேவியப் போட்டியிலே இரண்டாம் இடம் பெற்றார்.

அழகுநடைக் குதிரையேற்றம் எனத்தக்க போட்டி ஒன்று ஒலிம்பிக் விழாவில் உண்டு. 1952க்கு முன் இராணுவ அதிகாரிகளே அதிற் பங்குபற்றலாம். அவ்வாண்டு ஹெல்சிங்கியிலே முதன்முறையாகப் பெண்களும் ஆண்களோடு சமமாகப் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். கதவு திறந்த அதே ஆண்டு அம்மையார் அதனூடே புகுந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். குதிரையினின்று இறங்கவும் பிறர் உதவி வேண்டியவர் இவர் என்று அறிந்து பார்த்தோர் வியந்தனர். தங்கப் பதக்கம் பெற்ற சுவீடன் தேசத்து ஹென்றி சென் சீர், தாம் வென்ற அம்மையாரைத் தாமே தாங்கிப் பரிசு மேடைக்கு அழைத்துச் சென்றார். 1956இல் மெல்போர்ண் விழாவின் குதிரைப் போட்டிகள், அவுஸ்திரேலியாவின் மிருக நோய்த்தடுப்புச் சட்டம் காரணமாக, ஸ்ரொக்ஹோமிலே நடைபெற்றன. அங்கும் சென் சீருக்குத் தங்கம், அம்மையாருக்கு வெள்ளி. அவருடைய உதாரணத்தாலே, ஊனமுற்றோருக்குக் குதிரையேற்றத்தைச் சிகிச்சையாகப் பயிற்றும் முறை ஐரோப்பாவிலே பரவிற்று. 2009இல் அவர் காலமானார்.

கிரிக்கெட் அன்பர்கள் முகம் வாடாதிருக்க ஒரு பெயரைச் சுருக்கமாகக் கூறுவோம். மைசூரிலே 1945இற் பிறந்த பகவத் சந்திரசேகரின் வலக்கை, சிறுவயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தாற் சூம்பிற்று. பந்தைப் பொறுக்கி எறிவதற்கு இடக்கையைப் பழக்கினார்; பந்து வீசுவதற்கோ அந்தச் சூம்பிய கையையே வைத்துக்கொண்டார். 1971இல் இலண்டன் ஓவல் மைதானத்தில் 38 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெற்றுகளை வீழ்த்தி, இங்கிலாந்தை 101 ஓட்டங்களுக்குள் மடக்கினார். இங்கிலாந்து மண்ணிலே இந்தியா பெற்ற முதல் டெஸ்ட் வெற்றிக்கு அதுவே வழி செய்தது. 58 டெஸ்ட் ஆட்டங்களிலே அவர் வீழ்த்திய விக்கெற்றுகள் 242. எடுத்த ஓட்டங்கள் 167. துடுப்பாட்டத்திலே ஓட்டம் எடுக்கவில்லையே என்று அவரை எவரும் குறைகூறவில்லை. தம்மால் எது ஆகும் என்று கண்டறிந்து அதனை முழுமையாகச் செய்தார்.

இனி நமது ஊருக்கு வருவோம். நாம் கற்ற மிஷன் பாடசாலையிலே காலையில் வேதபாட மணி ஒலிக்கும். மாலையில் விளையாட்டு மணி ஒலிக்கும். இரண்டுக்கும் வராதோர் பெயர் ஒரே கொப்பியிலேதான் எழுதப்படும். அங்கே எம்முடன் பயின்ற ஒரு தோழர் நீளம் பாய்வதில் வல்லவர். மாகாணப் போட்டிக்குச் செல்ல வேண்டும் என்பதே அவருடைய ஒரே ஆசை. பத்தொன்பது வயதின்கீழ்ப் பிரிவிலே அவருக்கு எஞ்சியிருந்த கடைசி ஆண்டின் தொடக்கத்தில் நெருப்புக் காய்ச்சல் கண்டது. பல கிழமை ஆஸ்பத்திரியிற் கிடந்து எழுந்தார். மூன்று மாதத்தின்பின் வைத்தியர் சோதித்து, “படிப்படியாகப் பயிற்சி தொடங்கலாம்” என்றார். வீட்டார் இசையவில்லை. ஆச்சி அழுதார், அயலார் வந்து பயமுறுத்தினர். தோழர் ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசாமல், அவ்வாண்டு விளையாட்டுப் போட்டியிலே மணற்குழியின் அருகில் அளவுநாடா பிடித்து நின்றார். பிறர் பாய்ந்த தூரத்தை ஒழுங்காக அளந்து சொன்னார். அடுத்த ஆண்டு வயது கடந்துவிட்டது.

அவர் பாய்ந்திருந்தால் வென்றிருப்பார் என்று நாம் சொல்லவில்லை. தோற்றிருக்கவுங்கூடும். தோற்கும் உரிமையாவது அவருக்கு இருந்திருக்க வேண்டும் என்பதே எமது வாதம். ஆச்சியின் கண்ணீரையும் நாம் இகழோம். மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் கஞ்சிப் பாத்திரத்துடன் நடந்தவர் அவர்தாம். வள்ளுவர் சொன்ன நான்காம் கூறு அவர்தாம். ஆனால் நான்காம் கூற்றின் கடமை, நோயாளி எழுந்தவுடன் முடிந்துவிடுவதில்லை. பாயிலே கிடந்தபோது தாங்கிய கை, திடலுக்குச் செல்லும்போதும் தாங்க வேண்டும். வில்மாவின் தாய் மகளின் காலை நிமிர்த்தியபின், “நிமிர்ந்தது போதும், ஓடாதே” என்று சொல்லியிருந்தால் றோமாபுரியிலே என்ன நிகழ்ந்திருக்கும்?

ஆதலால் பெரியோர்களே, தங்களை வணக்கத்துடன் வேண்டுகின்றோம். பிள்ளை விளையாடலாமா என்று அயலாரைக் கேளாதீர்கள், வைத்தியரைக் கேளுங்கள். என்ன செய்யலாம், எவ்வளவு செய்யலாம், மீண்டும் எப்போது வந்து காட்ட வேண்டும் என்று மூன்று கேள்விகளையும் கேட்டு எழுதி வாங்குங்கள். வாதக் காய்ச்சல் வந்து இருதயத்தைத் தொட்டிருந்தால் வைத்தியர் தடுக்கக்கூடும். அப்போது தடைக்குக் கீழ்ப்படியுங்கள். தடுக்காதபோது தாங்களாகத் தடை போடாதீர்கள். பெண் பிள்ளைகள் விஷயத்திலே இதனை இருமடங்கு வற்புறுத்துகின்றோம். “நோய்க்காரி” என்ற பேச்சு ஊரிலே பரவினால் கலியாணம் தடைப்படும் என்று, நோயையும் மறைத்து, விளையாட்டையும் நிறுத்தி, பெண்ணை அறைக்குள் வைக்கும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழியவில்லை. ஹார்ட்டெல் அம்மையார் ஒரு தாயாகவே வெள்ளிப் பதக்கம் பெற்றார் என்பதை மறவாதிருப்போமாக.

வாலிப நண்பர்களே, நம்மிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நோயினின்று எழுந்தவன் முதல் நாளிலேயே பழைய வேகத்தில் ஓடக்கூடாது. முதலில் நடை, பின் விரைந்த நடை, பின் மெல்லோட்டம். நெஞ்சிலே நோவோ, மூச்சுத் திணறலோ, தலைச்சுற்றோ வந்தால் வெட்கப்படாமல் நிறுத்தி வைத்தியரிடம் செல்க. திடலிலே அப்படி ஒருவன் மெல்ல நடப்பதைக் கண்டால், மற்றவர் பகிடி பண்ணலாகாது. கூட நடக்க வேண்டும். பழைய ஆசை பழைய உருவிலேயே கைகூடாது போகவுங்கூடும். ஓடியவன் எறிபவனாகலாம், ஆடியவன் மத்தியஸ்தனாகலாம், பயிற்றுபவனாகலாம். ஆனால், அம்முடிவை அவனே முயன்று பார்த்துச் செய்ய வேண்டும். அளவுநாடாவை வேறொருவர் அவன் கையிலே திணிக்கலாகாது.

நமது சங்கமும் ஒரு சிறு காரியம் செய்யலாம் என்று பணிவுடன் பிரேரிக்கின்றோம். ஆண்டுதோறும் நடத்தும் விளையாட்டு விழாவிலே, நோயாலும் விபத்தாலும் பின்தங்கியோர் பங்குபற்றும் நிகழ்ச்சி ஒன்றைச் சேர்க்கலாம். அதற்கு வெற்றிக்கிண்ணம் வேண்டியதில்லை. பெயர்ப் பட்டியலிலே அவர்கள் பெயரும் மற்றவர் பெயரோடு அச்சாக வேண்டும், அவ்வளவே. ஊரிலுள்ள வைத்தியர் ஒருவர் அன்று வந்து அவர்களைச் சோதித்து உதவுவாரானால் நான்கு கூறுகளும் ஒரு திடலிலே கூடிவிடும்.

நோய் எவரையும் கேட்டு வருவதில்லை. இன்று ஓடுபவர் நாளை பாயிற் கிடக்கக்கூடும். இன்று கிடப்பவர் நாளை ஓடக்கூடும். கிடப்பவருக்குக் கஞ்சியும், எழுபவருக்குக் கையும், ஓடுபவருக்கு வழியும் கொடுப்பதே சங்கம் என்னும் சொல்லுக்குப் பொருள் என்று நாம் கருதுகின்றோம்.